தீவு வலம்: எதிர்க்கரைத் தலைநகரம்

விடுமுறைப் பயணச் சலுகை கிடைக்கின்ற ஆண்டில் நம் தீவுத் தமிழ்க் குடும்பங்கள் காணாத தலைநகரம் இல்லை. தில்லிக்குச் சென்று செங்கோட்டையைப் பார்த்து வருகின்றனர். ஆக்ராவில் தாஜ்மகாலின் முன் நின்று நிழற்படம் எடுத்துக் கொள்கின்றனர். ஊருக்குப் போகும் வழியில் தஞ்சைப் பெரிய கோயிலையும், மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்புகின்றனர். எல்லாம் நல்லதே. ஆயினும், அபர்தீன் துறையில் நின்று கிழக்கே நோக்கினால் கண்ணெதிரே தென்னந்தலைகளோடு ஒரு தலைநகரம் தெரிகின்றதே, இத்தீவுகள் அனைத்தையும் 83 ஆண்டுகள் கட்டியாண்ட தலைநகரம், அதனைச் சென்று கண்டவர் எத்தனை பேர் என்று நம் சங்கக் கூட்டத்தில் கேட்டால் உயருகின்ற கைகள் சிலவாகவே இருக்கும். விருந்தினர் வந்தால் துறைவரை உடன் சென்று, சீட்டு வாங்கிக் கொடுத்து, அவர்களைப் படகேற்றிவிட்டு, நாம் தேநீர்க் கடைக்குத் திரும்பி விடுவது வழக்கமாகிவிட்டது.

சென்ற திங்கள் நாமும் நம் துணைவியாரும், விருந்தினர் எவரும் இல்லாமலே, படகேறினோம். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. நாம் அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்று ஆறு திங்களாகின்றன. மகன் பெங்களூரில் இருக்கின்றான். மகள் திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கின்றாள். மற்றெல்லாவற்றிலும் வழக்காடுகின்ற அவ்விருவரும் ஒன்றில் மட்டும் ஒரே குரலாக, “இனி அங்கே என்ன இருக்கிறது? வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே வந்து விடுங்கள்” என்று வற்புறுத்தி வருகின்றனர். இவ்விதழைப் படிக்கும் இல்லங்களில் பலவற்றில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். ஆதலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை. “போவதா இருப்பதா என்று பிறகு பேசுவோம். போவதாயின், பார்க்காததைப் பார்த்துவிட்டுப் போவோம்” என்று துணைவியார் கூறிவிட்டார். அவ்வளவே, மறுநாட் காலையில் நாங்கள் இருவரும் துறையில் நின்றோம்.

படகுப் பயணம் கால் மணி நேரமும் ஆகவில்லை. கடலளவையாளரான டேனியல் ராஸ் என்பவரின் பெயரால் வழங்கி வந்த அத்தீவுக்கு, 2018 டிசம்பர் 30 ஆம் நாள் முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்பது பெயர். ஆயினும் படகுக்காரர் முதல் இளநீர் விற்பவர்வரை யாவரும் ராஸ் என்றே சொல்லுகின்றனர். சுருக்கம் கருதி நாமும் அவ்வாறே எழுதுகின்றோம். தீவு மிகவும் சிறியது. ஒரு சதுர கிலோ மீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதன் பரப்பு. காலையில் இறங்கியவர் பதறாமல் நடந்து, நண்பகலுக்குள் முழுவதையும் சுற்றி வந்து விடலாம். நடக்க இயலாத முதியோர்க்கு மின்கல வண்டிகளும் உள்ளன.

இத்துணைச் சிறிய இடத்தைத் தலைநகராக ஏன் தேர்ந்தனர் என்று நேயர்கள் வினவலாம். 1789 இல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் முதற் குடியிருப்பை அமைத்தார். 1792 இல் அது வடக்கே மாற்றப்பட்டது. நோயின் கொடுமையால் 1796 இல் அடியோடு கைவிடப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 1857 ஆம் ஆண்டுப் பெரும் புரட்சியில் சிறைப்பட்டோரை எங்கே கொண்டு போய்த் தள்ளுவது என்று வெள்ளையர் எண்ணியபோதுதான் அந்தமான் மீண்டும் அவர்கள் நினைவுக்கு வந்தது. 1858 மார்ச்சு 10 ஆம் நாள் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்ற மருத்துவர் 200 கைதிகளோடு வந்திறங்கினார். நாற்புறமும் கடல் சூழ்ந்ததால் கைதிகள் தப்புவது அரிது; தீவின் பழங்குடியினர் காட்டிலிருந்து வந்து தாக்குவதும் அரிது; துறைமுகத்து வாயிலில் காவலன் போல் நிற்பதால் வருகின்ற கப்பல்களையெல்லாம் காணலாம். இந்த மூன்று வசதிக்காகவே ராஸ் தலைமையிடமாயிற்று. அழகுக்காக அன்று; அழகு பின்னர் வந்தது.

அக்காட்டை வெட்டியவர் யார்? சங்கிலியோடு வந்த அக்கைதிகளே. முதல் மூன்று மாதக் கணக்கு ஒன்று உண்டு. அதனை நம் பிள்ளைகள் ஒரு முறையேனும் கூட்டிக் கழித்துப் பார்த்தல் வேண்டும். அதற்குள் வந்து சேர்ந்த கைதிகள் 773 பேர். மருத்துவமனையில் மாண்டவர் 64. தப்பியோடிக் காட்டில் மறைந்தவர் 140. தற்கொலை செய்து கொண்டவர் ஒருவர். தப்பியோடிப் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டவர் 87. எஞ்சியவர் 481. எழுத்தர் ஒருவர் மையிட்டு அழகாக எழுதி வைத்த கணக்கு இது. தமக்கு எதிரே இருப்பது கடலா ஆறா என்பதும், அக்கரையில் இருப்பது பர்மாவா வங்கமா என்பதும் அறியாமல் ஓடியவர்கள் அவருட் பலர் என்பர்.

இந்தக் கணக்கை நாம் படகிலேயே துணைவியாரிடம் கூறி வைத்தோம். அதன் பயன் இறங்கியதும் தெரிந்தது. சுற்றுலாப் பயணிகள் அனைவரும் மானையும் மயிலையும் காண ஒரு பக்கம் விரைய, அவர் நேரே சென்று நின்ற இடம் ரொட்டிக் கிடங்கு. இன்று அங்கே சுவர்களும் சில பழைய அடுப்பு அறைகளுமே எஞ்சியுள்ளன. “இங்கே ரொட்டி சுட்டவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள்?” என்பது அவர் முதல் வினா. காலையில் துரைமார் மேசைக்குச் சூடான ரொட்டி போக வேண்டுமானால் நள்ளிரவிலேயே மாவு பிசைந்திருக்க வேண்டும் என்று அவரே விடையும் கூறிக் கொண்டார். அரண்மனையைக் காண்பவர் மண்டபத்தைக் காண்பர்; சமைத்தறிந்தவர் அடுக்களையைக் காண்பர். வழிகாட்டி நூல்களை எழுதுவோர் இப்பார்வையைக் கடன் வாங்கிக் கொள்ளலாம்.

மேலே ஏறினால் தலைநகரம் முழுமையும் அடுக்கடுக்காக விரிகின்றது. தலைமைக் கமிஷனரின் மாளிகை, அதிகாரிகளின் உணவுக் கூடம், கீழ்நிலை அலுவலரின் மன்றம், மருத்துவமனை, அச்சகம், படைவீட்டுத் தொகுதி, குடிநீர் ஆலை, மின் நிலையம், நீச்சற்குளம், டென்னிசு ஆடுகளம், ஃபர்சந்த் அலி என்பவரின் பெயர் பூண்ட கடை, ஒரு கோயில், கல்லாலான தேவாலயம். கிழக்கின் பாரிசு என்று அந்நாளில் இதனைப் புகழ்ந்தார்களாம். தேவாலயத்தின் சாளரச் சட்டங்கள் பர்மாத் தேக்கு, பலிபீடத்தின் பின்னிருந்த வண்ணக் கண்ணாடி இத்தாலியிலிருந்து வந்தது என்று கூறுவர். இன்று தேக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கூரை போய் வானம் தெரிகின்றது. ஆல், அத்தி இனத்து மரங்களின் வேர்கள் சுவர்களின் மேல் வழிந்து இறங்கி, செங்கல்லைப் பற்றிப் பின்னி, எது சுவர் எது வேர் என்று பிரிக்க இயலாதபடி செய்துவிட்டன. மரத்தை வெட்டினால் சுவர் விழும். விட்டால் மெல்ல விழும். இப்போதைக்கு மரமே சுவரைத் தாங்கி நிற்கின்றது.

இங்கே ஒன்றை இடையில் கூறிச் செல்கின்றோம். அழிந்த தலைநகரம் நம்மவர்க்குப் புதிதன்று. கங்கை வெற்றிக்குப் பின் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம், ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு பேரரசின் தலைநகராக இருந்தது. இன்று அங்கே கோயில் நிற்கின்றது. அரண்மனையோ மாளிகைமேடு என்ற பெயராகவும், அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளமாகவும் மட்டுமே உள்ளது. 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அக்கோயிலின் மதிற்கற்களையும் பெயர்த்துக் கொண்டு போயினர். நாம் வாழும் ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டபோது, சோழரின் கடற்படைக்கு இத்தீவுகள் தளமாக இருந்தன என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. ஸ்ரீவிசயம் என்பது சுமத்திராவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கடற்பேரரசு. அதன்மீது இராசேந்திரன் படையெடுத்தது 1025 ஆம் ஆண்டையொட்டி. அவன் மெய்க்கீர்த்தியில் வருகின்ற மாநக்கவாரம் நம் நிக்கோபாரே என்பது அறிஞர் துணிபு. பிள்ளைகள் கேட்டால் இவ்வளவையும் கூறலாம். “ஆகையால் இந்த ஊரே நம்முடையது” என்று முடிச்சுப் போட்டு விடாதிருத்தல் நன்று. நம்முடையது என்பதற்கு அதனினும் அண்மையான சான்றுகள் உள்ளன. அதற்குப் பின்னர் வருவோம்.

ராஸ் தீவின் கல்லறைத் தோட்டம் சற்று ஒதுக்கமாக உள்ளது. கூட்டம் அவ்வளவாக அங்கே வருவதில்லை. ஆங்கில அதிகாரிகளும் போர்வீரரும் அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் உறங்குகின்ற இடம். சில கற்களில் எழுத்துகள் இன்னும் படிக்கக் கூடியனவாக உள்ளன. பிறந்து நெடுநாள் வாழாத குழந்தைகளின் கற்களும் உள்ளன. பெற்றோர் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், இறைவனை வேண்டும் ஒரு தொடர். பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து வந்து, இந்த வெப்பத்திலும் காய்ச்சலிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயை நினைந்து துணைவியார் கண் கலங்கினார். அவள் துரைசானியாயினும் தாய்தானே. இதில் நமக்கு வேற்றுமை இல்லை.

ஆனால் சிறிது நேரங்கழித்து அவர் கேட்ட வினாவிற்கு நம்மால் எளிதில் விடை கூற முடியவில்லை. “இந்தக் குழியை வெட்டினவன் பெயர் எங்கே இருக்கிறது?”

கைதிகளுக்கு இங்கே கழுத்தில் ஒரு வில்லை தொங்கிற்று. அதில் அவர்களுடைய எண்ணும், தண்டனை பெற்ற விவரமும், விடுதலை பெறும் நாளும் குறிக்கப்பட்டிருந்தன. காடு வெட்டியவர், கல் சுமந்தவர், துடுப்பு வலித்தவர், துரை வீட்டில் சமைத்தவர், விசிறி இழுத்தவர் அனைவரும் ஓர் எண். எதிர்க்கரையில் 1896 இல் தொடங்கி 1906 இல் முடித்த செல்லுலார் சிறையை எழுப்பியவரும் கைதிகளே. தாங்கள் அடைபடப் போகும் அறைக்குத் தாங்களே செங்கல் அடுக்கினர். வங்கம், பஞ்சாபு, ஒன்றிய மாகாணங்கள், பர்மா ஆகியவற்றினின்று மட்டுமின்றி, நம் சென்னை மாகாணத்தினின்றும் அவர்கள் வந்தனர். மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் மலபாரினின்றும், ரம்பா எழுச்சிக்குப் பின் கோதாவரிப் பக்கத்தினின்றும் வந்தவருண்டு. மகாராசா என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்திலும் கைதிகளை ஏற்றிக் கொண்டு வந்தது. நாமும் நம் பெற்றோரும் பெட்டி படுக்கையோடு கப்பலேறிய அதே துறைமுகம்.

அக்கப்பலில் வந்தவரெல்லாரும் மாண்டு போகவுமில்லை. பல ஆண்டு நன்னடத்தையோடு கழித்தவர்க்குத் தம் உழைப்பில் தாமே பிழைத்துக் கொள்ளும் சீட்டுக் கொடுத்தனர். அவர்கள் ஊரிலிருந்து மனைவி மக்களை வரவழைக்கலாம். இல்லையெனில் பெண் கைதிகளுள் ஒருத்தியை மணக்கலாம். சிறைச்சாலையில் பெண்களை ஒரு வரிசையாகவும், ஆண்களை ஒரு வரிசையாகவும் நிறுத்தி, ஒருவரையொருவர் தேர்ந்து கொள்ளச் செய்வராம். சாதகம் பார்க்கவில்லை, சாதி பார்க்கவில்லை, மொழிகூடப் பார்க்கவில்லை. அவர்களுடைய வழிவந்தோர்தாம் இன்று லோக்கல் பார்ன் என்று நாம் அழைக்கின்ற அயலார். நம் பிள்ளைகள் பள்ளியில் அவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து அந்தமான் இந்தி பேசக் கற்றனர். “நமக்குப் பெண் பார்க்க உங்கள் அத்தை பதினேழு ஊர் அலைந்தார்” என்று துணைவியார் இவ்விடத்தில் நினைவூட்டினார். அதற்கு நாம் மறுமொழி கூறவில்லை.

எண்ணும் இல்லாமல் மறைந்தவரும் உளர். இத்தீவுகளின் பழங்குடியினராகிய பேரந்தமானியர்க்கென்று 1863 இல் ராஸ் தீவிலேயே அந்தமான் இல்லம் என்ற ஒன்றை ஹென்றி கார்பின் என்ற பாதிரியார் தொடங்கினார். உணவும் உடையும் கொடுத்து நாகரிகம் புகட்டுவது நோக்கம். நாகரிகத்தோடு நோய்களும் வந்தன. குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள் இன்று சில பதின்மரே. குடியேறி வந்தவர் யாராயினும், சங்கிலியோடு வந்தவராயினும் சீட்டு வாங்கிக் கொண்டு வந்தவராயினும், இதனை மறத்தல் தகாது. நாமும் குடியேறி வந்தவரே.

தலைநகரம் எவ்வாறு வீழ்ந்தது என்பதை விரைந்து சொல்லி விடலாம். 1941 சூன் 26 ஆம் நாள் பெரு நிலநடுக்கம் ஏற்பட்டது. கட்டடங்கள் பிளந்தன, தலைமையிடம் எதிர்க்கரைக்கு மாறிற்று. 1942 மார்ச்சு 23 இல் ஜப்பானியர் வந்திறங்கினர். அவர்கள் கட்டிய பதுங்கறைகளை இன்றும் ராஸ் கரையோரத்தில் காணலாம். 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி வந்து, 30 ஆம் நாள் எதிர்க்கரையின் ஜிம்கானா திடலில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். ராஸ் தீவின் பழைய கமிஷனர் மாளிகையில் அவர் தங்கினார் என்பர். வெள்ளை அதிகாரிகள் நடனமாடிய மாளிகையில் அவர் துயின்ற இரவை எண்ணினால் உள்ளம் பூரிக்கின்றது. அடுத்த மாதமே, 1944 சனவரி 30 இல், ஓம்பிரேகஞ்சில் 44 பேரை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர் என்பதையும் எண்ணினால் அப்பூரிப்பு அடங்கி விடுகின்றது. இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குக் கூறுதல் வேண்டும். 1945 அக்டோபரில் வெள்ளையர் திரும்பினர். ராஸ் மட்டும் தலைநகராகத் திரும்பவில்லை. நெடுங்காலம் கேட்பாரற்றுக் காடாகிக் கிடந்த அத்தீவு 1979 இல் நம் கடற்படையின் பொறுப்பில் வந்தது. துறைக்கு அருகில் ஸ்மிருதிகா என்ற சிறிய காட்சியகமும் உள்ளது. வெயில் ஏறுமுன் அதனைப் பார்த்துவிட்டு மேலே செல்லுவது நன்று. அங்குள்ள பழைய நிழற்படங்களைக் கண்டபின் இடிபாடுகள் பேசத் தொடங்கும்.

நண்பகலில் மேற்குக் கரையில் ஒரு மரத்தடியில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். புளிச்சோறும் மோர் மிளகாயும். அங்கிருந்து பார்த்தால் நம் ஊர் முழுவதும் ஒரு திரைச்சீலையில் எழுதியது போல் தெரிகின்றது. செல்லுலார் சிறையின் எஞ்சிய பகுதி, அபர்தீன் கடைத்தெருவின் மேடு, அப்பால் வீடுகள், வீடுகள், வீடுகள். நாள்தோறும் நடக்கின்ற ஊரை எதிர்க்கரையில் நின்று காண்பது கண்ணாடியில் தன் முதுகைக் காண்பது போன்றது. முன்னர் துரைமார் அமர்ந்து சிறையைப் பார்த்த இடத்தில் அமர்ந்து, நம் துணைவியார் ஹாடோ இருக்கும் திசையைத் தேடிக் கொண்டிருந்தார்.

அவருடைய தந்தையார் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1960 களின் தொடக்கத்தில் கப்பலேறி வந்தவர். மழை பொய்த்த ஆண்டு. சாத்தம் மர ஆலையில் தினக்கூலி வேலை. 1883 முதல் ஓடுகின்ற ஆலை அது. படாக்கு மரத்தடிகளைக் கடலிலிருந்து இழுத்து ஏற்றும் வேலையில் ஒரு விரலை இழந்தார். ஹாடோவில் தகரக் கூரை வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். மூன்றாண்டு கழித்து மாமியார் வந்து சேர்ந்தார். மாமனார் பெயர் மஸ்டர் ரோலில் பல ஆண்டு எழுதப்பட்டிருக்கும். அந்த ஏடுகள் இன்று எங்கே? அவர் கைபட்ட பலகைகள் எந்தெந்த வீட்டின் கதவுகளாக நிற்கின்றனவோ, யார் அறிவார்?

“பிள்ளைகள் ஊருக்கு வா என்கிறார்கள். எந்த ஊர்?” என்றார் துணைவியார். “இராமநாதபுரத்தில் அப்பாவின் வீடு இப்போது யாருடையதோ. அங்கே போய் நான் இன்னாருடைய மகள் என்றால் அறிவார் யாருமில்லை. இங்கே ஹாடோ மீன் கடையில் நான் இன்னாருடைய மகள் என்று சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் இன்னும் பத்து ஆண்டில் அதுவும் இராது. அந்த வரிசை வீட்டில் இருந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் மூன்று பேர்.”

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். கூலிக்கு வந்தவர், கடை வைக்க வந்தவர், ஆசிரியராக வந்தவர், பர்மாவினின்றும் வந்தவர், சாஸ்திரி-சிறிமாவோ உடன்படிக்கைக்குப் பின் இலங்கைத் தோட்டங்களினின்றும் வந்து கச்சால் தீவில் ரப்பர் மரம் சீவியவர், 1969 முதல் பெரிய நிக்கோபாரில் குடியேறிய முன்னாள் படைவீரர் எனப் பலவகையினர். எண்ணிக்கை இருக்கின்றது, பெயர்கள் இல்லை. தலைநகரங்களை எழுப்பிய நம் முன்னோர் இதில் எவ்வளவு கருத்தாக இருந்தனர் என்பதற்குத் தஞ்சையே சான்று. இராசராசன் தன் பெரிய கோயிலின் சுவரில் ஆடல் மகளிர் 400 பேரின் பெயரையும், அவர்கள் எந்தத் தெருவில் எந்த மனையில் குடியிருந்தனர் என்பதையும் வெட்டி வைத்தான். நாவிதரும் தையற்காரரும்கூட அதில் இடம்பெற்றனர். ஆயிரம் ஆண்டு கழித்தும் அவர்களை நாம் பெயர் சொல்லி அழைக்கலாம். ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முன் சாத்தம் ஆலையில் மரம் இழுத்தவரை அவ்வாறு அழைக்க இயலவில்லை.

வீட்டை விற்பதா வேண்டாவா என்பது இன்னும் முடிவாகவில்லை. மகளிடம் பொங்கல் கழித்துப் பேசுவதாகக் கூறியிருக்கின்றோம். ஆனால் ராஸ் தீவிலிருந்து திரும்பிய அன்று மாலையே துணைவியார் மளிகைக் கணக்கு எழுதும் நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கி விட்டார். ஹாடோ வரிசை வீடுகள், முதல் வீடு முதல் கடைசி வீடுவரை. யார் இருந்தனர், எந்த ஊரினின்றும் வந்தனர், என்ன வேலை செய்தனர், பிள்ளைகள் எங்கே உள்ளனர். உயிரோடிருக்கும் மூவரையும் நேரில் சென்று கண்டு வந்தார். ஒருவர்க்குக் காது கேட்கவில்லை. ஆயினும் பெயர்களை வரிசையாகச் சொன்னார். இதுவரை 31 பெயர்கள் சேர்ந்துள்ளன. நான்கு வீடுகளுக்கு முன் கோடு மட்டும் போட்டு விட்டிருக்கின்றார்.

சங்கச் செயற்குழுவிடம் இதனைக் கூறினோம். பம்பூபிளாட், கராசர்மா, டயமண்டு குறுக்குச் சாலை என்று வட்டந்தோறும் ஒவ்வொருவர் இவ்வாறு ஒரு நோட்டுப் போட்டால், ஆண்டு மலரில் பதிப்பிக்கலாம் என்று இசைந்துள்ளனர். கையெழுத்து அழகாயிருக்க வேண்டுமென்பதில்லை. தந்தை பெயர், தாய் பெயர், புறப்பட்ட ஊர், வந்த ஆண்டு, முதலிற் செய்த தொழில், இவ்வளவு போதும். ஆண்டு சரியாகத் தெரியாவிடில் எந்தத் தீபாவளிக்கு முன்போ பின்போ என்று எழுதினாலும் ஏற்றுக் கொள்வோம். தாய்மார்களின் பெயரை இன்னார் மனைவி என்று எழுதாமல் அவர்களுக்கிட்ட பெயரையே எழுதுமாறு துணைவியார் கண்டிப்பாகக் கூறச் சொன்னார்.

ராஸ் செல்ல எண்ணுவோர் தண்ணீரும் தொப்பியும் எடுத்துச் செல்க. மான்களுக்குக் கையில் உள்ளதையெல்லாம் ஊட்ட வேண்டா. ஒளி ஒலிக் காட்சி பார்க்க விரும்புவோர் படகு நேரத்தைத் துறையில் முன்னரே கேட்டறிக. வாராந்தர விடுமுறை நாளையும் விசாரித்துக் கொள்வது நன்று.

இன்னொன்று. 1960 களிலும் 70 களிலும் ஹாடோ வரிசை வீடுகளின் கடைசி வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். விடியற்காலையில் பருத்திப்பால் காய்ச்சி ஆலைக்குப் போகிறவர்களுக்கு ஊற்றுவார். காசு இல்லாதவரிடம் கேட்க மாட்டார். பரமக்குடிப் பக்கம் என்று ஒருவரும், முதுகுளத்தூர் என்று ஒருவரும் கூறுகின்றனர். எல்லோரும் அவரைப் பருத்திப்பால் ஆச்சி என்றே அழைத்ததால் பெயர் எவர்க்கும் நினைவில்லை. அறிந்தவர்கள் சங்க முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுக.